திரும்பி வந்தோரின் காயம்: அமெரிக்க முன்னாள் படைவீரரின் போதைச் சார்பும் மனநல மீட்சியும்

முன்னுரை

போரில் மாண்ட மறவனுக்குப் புறத்திணை இலக்கணம் உரிய இடத்தை வரையறுத்து வைத்துள்ளது. காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்தல் என நடுகல் நாட்டும் மரபு ஆறு படிகளாக வகுக்கப்பட்டுள்ளது. வென்று மீண்ட வீரர் கள்ளுண்டு களிக்கும் உண்டாட்டும் வெட்சித்திணையில் ஒரு துறையாக அமைந்துள்ளது. ஆனால், உயிரோடு ஊர் திரும்பிய பின்னர் உறக்கமின்றித் தவிப்பவனுக்கும், உண்டாட்டு முடிந்த பின்னரும் குடியை நிறுத்த இயலாதவனுக்கும் தனித்த துறை எதுவும் இல்லை. இதை இலக்கணத்தின் குறையாகக் கூறவில்லை. மாண்டவனைப் போற்றுவதைக் காட்டிலும் மீண்டவனைப் பேணுவது எல்லாச் சமுதாயங்களுக்கும் கடினமாகவே இருந்துள்ளது.

இவ்வாறு பழைய இலக்கியத்தையும் இக்காலப் போர்வீரனையும் இணைத்துப் பார்ப்பது புதிய முயற்சியன்று. பாஸ்டன் நகரில் வியட்நாம் போர்வீரர்களுக்குச் சிகிச்சையளித்த மனநல மருத்துவர் ஜானதன் ஷே, 1994-இல் வெளியிட்ட 'வியட்நாமில் அக்கிலீஸ்' என்னும் நூலில் ஹோமரின் இலியட் காவியத்தைத் தம் நோயாளிகளின் அனுபவத்தோடு ஒப்பிட்டார். 2002-இல் வெளிவந்த 'அமெரிக்காவில் ஒடிசியஸ்' என்னும் நூல் வீடு திரும்பும் வீரனைப் பற்றியது. தாமரை உண்போர் நாட்டில் இறங்கிய மாலுமிகள் அக்கனியைத் தின்று ஊர் திரும்பும் நினைவையே இழக்கும் நிகழ்ச்சியை, மதுவிலும் போதைப்பொருளிலும் வேதனையை மறக்க முயலும் வீரரின் நிலையாக அவர் அதில் விளக்குகிறார்.

அமெரிக்க முன்னாள் படைவீரரின் போதைச் சார்பையும் அதனோடு பின்னிக் கிடக்கும் மனநோயையும் அந்நாடு எவ்வாறு எதிர்கொண்டது என்பதை இக்கட்டுரை விளக்க முற்படுகிறது. போதையைக் காயமாகக் கருதுவதா, குற்றமாகக் கருதுவதா என்னும் வினாவே இவ்வரலாறு முழுவதையும் இயக்கியுள்ளது. அவ்வினாவுக்கு எந்த விடை ஏற்கப்பட்டதோ, அதற்கேற்பவே உதவியின் கதவு திறந்தது அல்லது மூடியது.

சொல் பற்றிய ஒரு குறிப்பு

தமிழில் 'குடிக்கு அடிமை', 'போதைக்கு அடிமை' என்றே நாம் பெரும்பாலும் எழுதுகிறோம். அடிமை என்னும் சொல் பிறருடைய உடைமையாகிவிட்டவனைக் குறிப்பது. மீட்சிக்கு அதில் இடம் குறைவு. 'குடிகாரன்' என்பதோ வசைச்சொல்லாகவே நிலைத்துவிட்டது. எனவே இக்கட்டுரையில் 'போதைச் சார்பு' என்னும் தொடரே ஆளப்படுகிறது. இச்சொல் சற்று உயிரற்றதாகத் தோன்றலாம். எனினும் நோயைச் சுட்டும் சொல் நோயாளியின் ஒழுக்கத்தின்மீது தீர்ப்புரைக்காமல் இருப்பது நன்று. வகுப்பறையில் இத்தகைய பொருள்களைக் கற்பிக்கும் ஆசிரியர்களும் இதனைக் கருத்திற்கொள்ளலாம். சொற்களில் பொதிந்த தீர்ப்பு சட்டமாகவும் மாறக்கூடும் என்பதற்குச் சான்று பின்னர் வருகிறது.

வியட்நாமும் எதிர்பாராத முடிவும்

1971 மே மாதத்தில், அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர்களான ராபர்ட் ஸ்டீல், மார்கன் மர்பி ஆகிய இருவரும் வியட்நாமிலுள்ள வீரர்களில் நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து பேர் ஹெராயினைச் சார்ந்துவிட்டதாக அறிக்கையளித்தனர். நாடு அதிர்ந்தது. ஹெராயினைத் தொட்டவன் மீளமாட்டான் என்பதே அன்றைய பொதுக்கருத்து. இலட்சக்கணக்கான வீரர் வீடு திரும்பிக்கொண்டிருந்த காலம் அது. அடுத்த மாதமே அதிபர் நிக்சன், மருத்துவர் ஜெரோம் ஜாஃபியின் தலைமையில் போதைத் தடுப்புக்கெனத் தனி அலுவலகத்தை அமைத்தார். நாடு திரும்புவதற்கு முன் ஒவ்வொரு வீரரும் சிறுநீர்ப் பரிசோதனைக்கு உட்படவேண்டும் என்னும் விதியும் நடைமுறைக்கு வந்தது.

இவர்கள் ஊர் திரும்பிய பின் என்ன ஆனார்கள் என்பதைக் கண்டறியும் பொறுப்பு செயிண்ட் லூயிஸ் நகர வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சமூகவியலாளர் லீ ராபின்ஸ் அம்மையாரிடம் ஒப்படைக்கப்பட்டது. 1971 செப்டம்பரில் நாடு திரும்பிய தரைப்படை வீரர்களிலிருந்து குலுக்கல் முறையில் தெரிவு செய்யப்பட்டவர்களை, எட்டு முதல் பன்னிரண்டு மாதங்கள் கழித்து அவர் குழுவினர் தேடிச் சென்று பேட்டி கண்டனர்; சிறுநீர் மாதிரிகளையும் பெற்றனர். வீரர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் வியட்நாமில் அபினையோ ஹெராயினையோ ஒருமுறையேனும் பயன்படுத்தியிருந்தனர். ஐவரில் ஒருவர் அங்கே தாம் சார்புநிலையை அடைந்திருந்ததாகக் கூறினார். நாடாளுமன்ற உறுப்பினர்களின் மதிப்பீட்டையும் விஞ்சிய கணக்கு இது.

வியப்பூட்டியது அடுத்த முடிவே. வியட்நாமில் சார்புநிலையை எய்தியவர்களுள், நாடு திரும்பிய முதலாண்டில் மீண்டும் அந்நிலைக்கு ஆளானோர் நூற்றுக்கு ஐவர் அளவினரே. மூன்றாண்டுகளைக் கணக்கிட்டாலும் நூற்றுக்குப் பன்னிருவர். அவர்களுள் மிகச் சிலரே சிகிச்சை பெற்றிருந்தனர். ஊர் திரும்பிய பின் ஹெராயினை மீண்டும் பயன்படுத்திப் பார்த்தவர் பலர். அவர்களிலும் பெரும்பாலோர் சார்புநிலைக்குத் திரும்பவில்லை. இம்முடிவைப் பலர் நம்ப மறுத்தனர். அரசாங்கத்துக்குச் சாதகமாக உண்மை மறைக்கப்பட்டது என்றுகூடச் சிலர் ஐயுற்றனர்.

விளக்கம் சூழலில் இருந்தது. வியட்நாமில் ஹெராயின் மலிவாகவும் மிகத் தூய்மையாகவும் கிடைத்தது. வீரர் பெரும்பாலும் அதனைச் சிகரெட்டுப் புகையிலையில் கலந்து புகைத்தனர். கஞ்சாவைப்போல் அதன் மணம் ஆளைக் காட்டிக்கொடுப்பதில்லை. அச்சமும், அச்சத்தைவிடக் கொடிய சலிப்பும் நிறைந்த நாள்கள். வீட்டாரின் கண்காணிப்பு இல்லாத இடம். ஊர் திரும்பியதும் இவையனைத்தும் மாறின. மருந்தின் ஆற்றல் மட்டுமே சார்பை நிர்ணயிப்பதில்லை; இடமும் சுற்றமும் அன்றாட வாழ்வும் அதில் பங்கு கொள்கின்றன என்பதை இவ்வாய்வு மெய்ப்பித்தது.

ஆயினும் இவ்வாய்வைப் பிழையாகப் படிக்கும் வழக்கமும் தோன்றிவிட்டது. 'வீடு திரும்பினால் போதும், எல்லாம் சரியாகிவிடும்' என்பது இதன் பொருளன்று. ராபின்ஸ் முதன்மையாக ஆராய்ந்தது ஹெராயின் சார்பை. போரின் நினைவை உடலில் சுமந்து வந்தவனுக்கு வீடே போர்க்களமாக மாறியதையும், ஹெராயினைப்போல் அரிதாக இல்லாமல் தெருமுனைக் கடையில் கிடைத்த மதுவையும் வேறோர் ஆய்வே வெளிக்கொணர்ந்தது. நாடாளுமன்றத்தின் ஆணைப்படி நடத்தப்பட்டு 1988-இல் முடிவுற்ற தேசிய ஆய்வொன்று, வியட்நாமில் பணியாற்றிய ஆண்களில் 15.2 விழுக்காட்டினர், போர் முடிந்து பத்தாண்டுகளுக்கு மேலாகியும், அதிர்ச்சிக்குப் பிந்தைய மனவழுத்த நோயால் வருந்துவதாகக் கண்டறிந்தது. வாழ்நாளில் எப்போதேனும் அந்நோய்க்கு ஆளானவர் ஏறத்தாழ 31 விழுக்காட்டினர். அந்நோயுடைய ஆண்களில் நால்வரில் மூவர் அளவினர் வாழ்வின் ஏதோவொரு கட்டத்தில் மதுச்சார்புக்கோ மதுவால் விளையும் கேட்டுக்கோ ஆளாகியிருந்தனர்.

குடியும் கனவும்

மனக்காயமும் மதுவும் இவ்வளவு நெருங்கியிருப்பது ஏன் என்பதை உறக்கத்தைக்கொண்டு எளிதில் விளங்கிக்கொள்ளலாம். இந்நோயுற்றவனுக்கு இரவு பகையாகிறது. கண்ணை மூடினால் களம் தோன்றும். சிறு ஒலியும் அவனை எழுப்பிவிடும். மது விரைவில் உறக்கத்தைத் தருகிறது. கனவு காணும் உறக்கநிலையை முன்னிரவில் அடக்கியும் வைக்கிறது. எனவே முதற்சில நாள்களில் அது மருந்தாகவே செயற்படுகிறது. ஆனால், பின்னிரவில் மதுவின் வீரியம் குறையக் குறைய உறக்கம் சிதறுகிறது. அடக்கி வைத்த கனவு பெருகி வருகிறது. உடல் மதுவுக்குப் பழகிய பின்னர் அதனை நிறுத்தினால் நடுக்கம், வியர்வை, படபடப்பு, எரிச்சல் ஆகியன தோன்றும். இவை மனவழுத்த நோயின் குறிகளையே ஒத்திருப்பதால், குடியை விட்டதும் நோய் முற்றியதாக அவன் உணர்கிறான், மீண்டும் குடிக்கிறான். 'மனவுறுதி இல்லாதவன்' என்று சுற்றத்தார் கூறுவது இந்தச் சுழற்சியைத்தான்.

இச்சுழற்சியை மருத்துவமனைகளே சில வேளைகளில் இறுக்கின. முதலில் குடியை நிறுத்து, சில மாதங்கள் தெளிவாக இரு, அதன்பின் மனக்காயத்தைப் பற்றிப் பேசலாம் என்பதே நெடுங்காலம் நடைமுறையில் இருந்த முறை. போதைச் சிகிச்சைப் பிரிவு ஒரு கட்டடத்திலும் மனநலப் பிரிவு மற்றொரு கட்டடத்திலும் இருக்கும். ஒரு பிரிவு கேட்கும் தகுதியை மற்றப் பிரிவின் உதவியின்றி அடைய முடியாது. இரண்டுக்கும் இடையே நின்று நோயாளி காணாமற்போனான்.

இன்று இந்நிலை பெரிதும் மாறியுள்ளது. லிசா நஜாவிட்ஸ் உருவாக்கி 2002-இல் நூலாக வெளியிட்ட சிகிச்சைமுறை இரு நோய்களையும் ஒருசேர அணுகியது. அஞ்சித் தவிர்க்கும் நினைவைப் பாதுகாப்பான சூழலில் படிப்படியாக எதிர்கொள்ளும் முறையை எட்னா ஃபோவாவும், நிகழ்ந்ததைப் பற்றிய எண்ணங்களை மறுபரிசீலனை செய்யும் முறையைப் பட்ரீசியா ரெசிக்கும் வளர்த்தெடுத்தனர். போதைச் சார்பு இருக்கிறது என்பதற்காக இச்சிகிச்சைகளை மறுத்தலாகாது என்பது இன்றைய அமெரிக்க இராணுவ மருத்துவ வழிகாட்டுதலின் நிலைப்பாடு. மதுவேட்கையைத் தணிக்க நால்ட்ரெக்சோன், அபின்வகைச் சார்புக்கு மெத்தடோன், பியூப்ரெனோர்ஃபின் ஆகிய மருந்துகளும் உள்ளன.

மருந்து கொடுப்பதிலும் பிழை நேர்ந்ததுண்டு. ஈராக், ஆப்கானிஸ்தான் போர்களிலிருந்து திரும்பியோரைப் பற்றி 2012-இல் வெளியான ஓர் ஆய்வின்படி, உடல்வலியோடு வந்தவர்களுள் மனநோய் இல்லாதவர்களில் 6.5 விழுக்காட்டினருக்கே அபின்வகை வலிநீக்கி தரப்பட்டது. அதிர்ச்சிக்குப் பிந்தைய மனவழுத்த நோயுடையோரில் 17.8 விழுக்காட்டினருக்குத் தரப்பட்டது. எளிதில் சார்புநிலைக்கு உள்ளாகக்கூடியவர்களுக்கே அம்மருந்து மிகுதியாகச் சென்றது என்பது இதன் பொருள். முன்னாள் படைவீரர் நலத்துறை 2013 முதல் இதனைக் கட்டுப்படுத்தும் திட்டத்தை மேற்கொண்டது.

தோழரே முதல் மருத்துவர்

நோய்க்குப் பெயர் கிடைத்த கதை தனியே குறிப்பிடத்தக்கது. 1970-இன் இறுதியில் நியூயார்க்கில், போரை எதிர்த்த முன்னாள் வீரர் சிலர் தமக்குள் கூடிப் பேசத் தொடங்கினர். மனநல மருத்துவர்களான ராபர்ட் ஜே லிஃப்டனும் சாயிம் ஷாட்டனும் அக்கூட்டங்களில் கலந்துகொண்டனர். அங்கே மருத்துவரும் மற்றவரோடு வட்டத்தில் அமர்ந்தார், நடத்துநர் அவரல்லர். அரசாங்க மருத்துவமனையில் வாய் திறவாத வீரர்கள் அங்கே பேசினார்கள். கண்டதையும் பட்டதையும் மட்டுமன்றித் தாம் செய்ததையும் பேசினார்கள். இத்தகைய குழுக்களில் திரண்ட அறிவு, பிற துன்பங்களை ஆய்ந்தோரின் அறிவோடு சேர்ந்து, 1980-இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நோய்ப்பட்டியலில் இந்நோய் இடம்பெற வழிவகுத்தது. நோயாளிகள் தம் நோய்க்குத் தாமே இடம் பெற்றுத்தந்த அரிய நிகழ்வு இது.

1979-இல் நாடாளுமன்றம் சட்டமியற்றி நிறுவிய முன்னாள் வீரர் ஆலோசனை நிலையங்கள் இவ்வனுபவத்தின் வழிவந்தவை. அவை மருத்துவமனை வளாகத்துக்கு வெளியே, கடைத்தெருக்களில் அமைக்கப்பட்டன. ஊழியர்களில் பலர் முன்னாள் வீரர்கள். 'அங்கு இருந்தவன்' என்னும் ஒரு தகுதியே அந்நிலையங்களில் முதல் நம்பிக்கையைத் தோற்றுவித்தது. ஷே தம் நூல்களில் வலியுறுத்துவதும் இதனையே. பேரதிர்ச்சி முதலில் சிதைப்பது பிறர்மீதுள்ள நம்பிக்கையை. எனவே நம்பத்தக்க ஒரு கூட்டத்துக்குள்தான் மீட்சி தொடங்கும் என்கிறார் அவர். இங்கு ஒரு வரையறையையும் கூறவேண்டும். படையினுள்ளேயே, தம்மோடு பணியாற்றியவராலேயே பாலியல் வன்முறைக்கு ஆளான வீராங்கனையருக்கும் வீரருக்கும் 'தோழர் கூட்டம்' என்பது அச்சத்தின் மறுபெயராக இருக்கக்கூடும். அவர்களுக்குத் தனிக்குழுக்களும் தனி ஆலோசகர்களும் தேவைப்படுகின்றனர்.

காயமா, குற்றமா?

1988-இல் அமெரிக்க உச்சநீதிமன்றம் இரு முன்னாள் வீரர்களின் வழக்கில் தீர்ப்பளித்தது. இருவரும் மதுச்சார்பிலிருந்து மீண்டவர்கள். படையிலிருந்து விலகிய பத்தாண்டுக்குள் பயன்படுத்த வேண்டிய கல்விச் சலுகையைக் குடியின் காரணமாக இழந்துவிட்டதாகவும், நோயுற்றோருக்கு அளிக்கப்படும் கால நீட்டிப்பைத் தமக்கும் அளிக்கவேண்டும் என்றும் அவர்கள் வேண்டினர். அவர்களது மதுச்சார்பு 'வேண்டுமென்றே புரிந்த தீயொழுக்கம்' என்னும் வகையில் அடங்கும் என்று நலத்துறை வாதிட்டது. நீதிமன்றம் நலத்துறையின் நிலைப்பாட்டை ஏற்றது. மேலே 'அடிமை' என்னும் சொல்லைப் பற்றிக் கூறியதன் காரணம் இப்போது விளங்கும்.

2001-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமொன்று வேறொரு வழக்கில் கதவைச் சிறிதளவு திறந்தது. மது, போதைச் சார்புக்கெனத் தனியே இழப்பீடு கிடையாது. ஆனால் அது போர்ப்பணியால் விளைந்த மனநோயின் விளைவாகத் தோன்றியது என மெய்ப்பிக்கப்பட்டால் இழப்பீடு வழங்கலாம் என்பது அத்தீர்ப்பு. பதின்மூன்று ஆண்டு இடைவெளியில், சில வகை வழக்குகளிலேனும், தீயொழுக்கம் காயமாயிற்று.

பணிவிலகல் சான்றிதழ் இதனினும் பெரிய தடை. மதிப்போடு விடுவிக்கப்படாத வீரர் பலருக்கு நலத்துறையின் கதவு நெடுங்காலம் மூடியே இருந்தது. களத்திலிருந்து திரும்பியவன் உறங்க இயலாமல் குடிக்கிறான்; கஞ்சா புகைக்கிறான்; பணிக்குத் தாமதமாக வருகிறான்; மேலதிகாரியோடு மோதுகிறான். அவை நோயின் குறிகள். அக்குறிகளுக்காகவே அவன் இழிநிலைச் சான்றிதழோடு வெளியேற்றப்படுகிறான். அச்சான்றிதழ் காரணமாகவே அந்நோய்க்குச் சிகிச்சை மறுக்கப்படுகிறான். இக்கட்டுரையாளரின் நோக்கில், இவ்வரலாற்றின் மிகக் கொடிய பகுதி இதுதான். 2014-இல் பாதுகாப்புத்துறை, சான்றிதழைத் திருத்தக் கோரும் விண்ணப்பங்களில் மனவழுத்த நோயைப் பரிவோடு கருதுமாறு பணித்தது. 2017-இல் நலத்துறை இத்தகையோருக்கும் அவசர மனநலச் சிகிச்சை அளிக்கத் தொடங்கியது. 2018-இல் அவர்களுள் போர்முனையில் பணியாற்றியோருக்கும் பாலியல் வன்முறைக்கு ஆளானோருக்கும் மனநலச் சிகிச்சையை விரிவாக்கும் சட்டம் வந்தது. வியட்நாம் தலைமுறைக்கு இவை மிகவும் பிந்தி வந்தன.

நிபந்தனை தளர்ந்தபோது என்ன நிகழ்ந்தது என்பதற்கு வீட்டுவசதித் திட்டம் சான்றாகும். வீடற்ற வீரன் முதலில் போதையை விடவேண்டும், பின்னரே வீடு என்னும் வரிசை தலைகீழாக மாற்றப்பட்டது. முதலில் வாடகை உதவியும் பொறுப்பாளர் ஒருவரின் துணையும் வழங்கப்பட்டன. சிகிச்சை தொடர்ந்து வந்தது. 2010-இல் ஓர் இரவுக் கணக்கெடுப்பில் ஏறத்தாழ 74,000 ஆக இருந்த வீடற்ற முன்னாள் வீரர் தொகை 2024-இல் ஏறத்தாழ 33,000 ஆகக் குறைந்தது. இக்குறைவுக்குப் பிற காரணங்களும் உண்டு. எனினும் கதவுள்ள அறையில் உறங்குபவனுக்குச் சிகிச்சை எளிதாகிறது என்பதை மறுப்பதற்கில்லை.

நீதிமன்றத்தின் தாழ்வாரம்

நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ நகரில் போதை வழக்குகளையும் மனநல வழக்குகளையும் விசாரித்த நீதிபதி ராபர்ட் ரசலின் முன், வியட்நாம் போர்வீரர் ஒருவர் தோளைத் தொங்கவிட்டு நின்றார். கேள்விகளுக்கு முணுமுணுப்பே விடையாக வந்தது. நீதிபதி தம் ஊழியர்களுள் முன்னாள் வீரர்களாக இருந்த இருவரை அழைத்து, அவரோடு தாழ்வாரத்தில் சற்றுப் பேசிவிட்டு வருமாறு பணித்தார். திரும்பி வந்தவர் படைவீரருக்குரிய நிலையில் நிமிர்ந்து நின்றார். நீதிபதியை நேராக நோக்கினார். இனி முயல்வதாகக் கூறினார். 2008 ஜனவரியில் ரசல் அந்நகரில் முன்னாள் வீரர்க்கெனத் தனிச் சிகிச்சை நீதிமன்றத்தைத் தொடங்கினார். அங்கே சிறைத்தண்டனைக்கு மாற்றாகக் கண்காணிப்போடு கூடிய சிகிச்சை விதிக்கப்படுகிறது. குற்றம் சாட்டப்பட்ட ஒவ்வொருவருக்கும் முன்னாள் வீரரான தொண்டர் ஒருவர் வழிகாட்டியாக அமைகிறார். நலத்துறை அலுவலர் நீதிமன்றத்திலேயே இருப்பதால் சிகிச்சைக்கான நாளை அங்கேயே குறிக்க இயலுகிறது. இத்தகைய நீதிமன்றங்கள் இன்று அமெரிக்காவில் பல நூறு உள்ளன. வன்முறைக் குற்றங்களை இவை ஏற்கலாமா என்பதில் மாநிலங்களுக்கிடையே ஒத்த கருத்தில்லை. பிறருக்கில்லாத சலுகை வீரருக்கு மட்டும் ஏன் என்னும் வினாவும் எழுப்பப்பட்டுள்ளது. அது நியாயமான வினாவே.

இவ்வளவு முயற்சிக்குப் பின்னரும், 2001 முதல் ஆண்டுதோறும் ஏறத்தாழ ஆறாயிரம் அல்லது அதற்கும் மேற்பட்ட முன்னாள் வீரர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொள்கின்றனர் என்பதை நலத்துறையின் அறிக்கைகள் காட்டுகின்றன. 2007-இல் தொடங்கப்பட்ட நெருக்கடிகாலத் தொலைபேசிச் சேவை இரவும் பகலும் இயங்குகிறது. உயிராபத்தான மனநெருக்கடியில் உள்ள வீரர், நலத்துறையைச் சாராத மருத்துவமனையிலும் கட்டணமின்றி அவசரச் சிகிச்சை பெற 2023 முதல் வழி உள்ளது.

இல்லத்தார்

இறுதியாக இல்லத்தாரைப் பற்றிக் கூறவேண்டும். சிகிச்சைக்கு வர மறுக்கும் வீரனை நாள்தோறும் எதிர்கொள்பவர் மருத்துவர் அல்லர்; மனைவியும் தாயும் பிள்ளைகளுமே. புறநானூற்றின் 281-ஆம் பாடலில் அரிசில்கிழார் இதற்கு ஒப்பானதொரு காட்சியைத் தருகிறார். புண்பட்டுக் கிடக்கும் வீரனின் இல்லத்தில் இரவமும் வேம்பும் செருகப்படுகின்றன, ஐயவி தூவப்படுகிறது, நறும்புகை எழுகிறது, மணி ஒலிக்கக் காஞ்சிப்பண் பாடப்படுகிறது. தொடாக்காஞ்சி என்னும் துறையில் அடங்கும் இப்பாடலை வீரத்துக்குச் சான்றாகவே நாம் பெரிதும் கற்பித்து வந்துள்ளோம். அதனைப் பேணுதலுக்குச் சான்றாகவும் படிக்கலாம். முன்னுரையில் இல்லை என்று கூறிய துறைக்கு மிக அண்மையில் நிற்பது இதுவே. காயம் கண்ணுக்குத் தெரிவது என்பதொன்றே வேறுபாடு.

கண்ணுக்குத் தெரியாத காயத்தைப் பேணுவோருக்குப் பயிற்சி தேவைப்படுகிறது. அமெரிக்க முன்னாள் படைவீரர் நலத்துறை குடும்பத்தாருக்கென்றே ஒரு தொலைபேசி ஆலோசனைச் சேவையை நடத்துகிறது. சிகிச்சையை மறுக்கும் கணவனிடமோ மகளிடமோ அந்தப் பேச்சை எவ்வாறு தொடங்குவது, எப்போது தொடங்குவது, அவர் சினந்து எழுந்துபோனால் மறுநாள் என்ன சொல்வது என்பனவற்றையெல்லாம் அழைப்பவரோடு சேர்ந்து அதன் ஆலோசகர்கள் திட்டமிடுகின்றனர். ஒரே அழைப்பில் இது முடிவதில்லை. தேவைப்படும் குடும்பங்களோடு அவர்கள் தொடர்ந்து பலமுறை பேசுகின்றனர்.